பிளஸ் 1-லயே நீட் கோச்சிங், அதுக்காக ஸ்கூல் மாத்தச் சொல்றாங்க. என்ன செய்யலாம்?

காசிமேடு அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். இந்த வாரத்துக்குள்ள ஒரு முடிவு எடுத்தாகணும், அதனாலதான் இங்க கேட்கிறேன்.

என் தங்கச்சி பிளஸ் 1 சேர்ந்து ரெண்டு மாசம் ஆகுது. ஒண்ணாவதுல இருந்து மாநகராட்சிப் பள்ளி, தமிழ் மீடியம். பத்தாவதுல 500-க்கு 441. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்கு இருக்கிற குரூப் கிடைச்சிருக்கு. டாக்டருக்குத்தான் படிப்பேன்னு பிடிவாதமா இருக்கா. அம்மாவுக்குச் சர்க்கரை. மாசாமாசம் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போறப்ப கூடப் போறது இவதான். சீட்டுல இருக்கிற மருந்துப் பேரை எழுத்துக்கூட்டிப் படிச்சு, எது சாப்பாட்டுக்கு முன்னாடி, எது பின்னாடின்னு மாத்திரை அட்டைக்குப் பின்பக்கம் பேனாவுல எழுதி வைக்கிறதும் இவதான். அதனால இதைச் சின்னப் பிள்ளை ஆசைன்னு தள்ள எனக்கு மனசு வரல.

அப்பா விசைப்படகுல ஆளாப் போறார். அம்மா மீன் வாங்கித் தெருவுல விக்கிறாங்க. நான் மிண்ட் பக்கம் ஒரு கடையில கணக்கு எழுதுறேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். அந்த ரெண்டு மாசம் வாங்கின கடனே இன்னும் அடையல.

போன வாரம் ஒரு கோச்சிங் சென்டர்ல போய் விசாரிச்சோம். ரெண்டு வருஷத்துக்கு ரெண்டே கால் லட்சமாம், முதல் தவணை 75 ஆயிரம். அதோட, "மாநகராட்சிப் பள்ளிக்குப் போயிட்டு இங்க வந்தா நேரம் பத்தாது. எங்களோட சேர்ந்து நடக்கிற தனியார் பள்ளியில போட்டுடுங்க, ஸ்கூல் நேரத்துலயே கோச்சிங் முடிஞ்சிடும். டி.சி. மட்டும் வாங்கிட்டு வாங்க"ன்னு சொன்னாங்க. அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கத் தயாரா இருக்காங்க. அப்பா எதுவும் பேச மாட்டேங்கிறார்.

ஸ்கூல் மாத்தலாமா? கோச்சிங் இல்லாம தமிழ் மீடியப் பொண்ணு நீட் எழுத முடியுமா? இப்பவே எதை ஆரம்பிக்கணும்? வீடு ஒரே ரூம், மூணு பேர் சத்தம் இல்லாம உட்கார்ந்தாலே இடம் முடிஞ்சிடும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தண்டையார்பேட்டை இயற்பியல் ஆசிரியர்:

அம்மா, முதல் வேலையா அந்த டி.சி.யை வாங்காதீங்க. மத்ததெல்லாம் நிதானமாப் பேசிக்கலாம். நான் அரசுப் பள்ளியில பிளஸ் 1, பிளஸ் 2-க்கு இயற்பியல் எடுக்கிறவன். இந்த டி.சி. விஷயத்துல வருஷாவருஷம் யாராவது ஒரு வீடு மாட்டிக்குது, அதைப் பார்க்கத் தாங்கல.

2020-ல தமிழ்நாட்டுல ஒரு சட்டம் வந்தது. அரசுப் பள்ளியில படிச்சு நீட்ல தேறின பிள்ளைகளுக்கு, மாநில ஒதுக்கீட்டு எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இடங்கள்ல 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு. உங்க மாநகராட்சிப் பள்ளியும் அரசுப் பள்ளிக் கணக்குலதான் வரும். நிபந்தனை என்னன்னா, 6-ஆம் வகுப்புல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியிலதான் படிச்சிருக்கணும். கல்வி உரிமைச் சட்டத்துல எட்டாவது வரை தனியார்ல படிச்சு, 9-லிருந்து 12 வரை அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்கும் உண்டு. உங்க தங்கச்சி ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது, பத்துன்னு அஞ்சு வருஷத்தை முடிச்சிட்டா. மிச்சம் இருக்கிற ரெண்டு வருஷத்துக்காகத் தனியார் பள்ளிக்குப் போனா அந்த அஞ்சு வருஷமும் கணக்குல வராது. அப்புறம் பொதுப்போட்டியில, அவங்க சமூகத்துக்கான ஒதுக்கீட்டுல மட்டும்தான் நிக்க முடியும். அங்க தேவைப்படுற மார்க்குக்கும், 7.5-ல சீட் கிடைக்கிற மார்க்குக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருக்கு. இந்த ஒதுக்கீட்டுல சேர்ற பிள்ளைகளோட படிப்புச் செலவையும் அரசே ஏத்துக்குது. இதை உங்களுக்கு யாரும் சொல்லலன்னா, சொல்ல வேண்டியவங்க சொல்லலன்னு அர்த்தம். அந்த சென்டர்ல திரும்பக் கேட்டா, 'அதெல்லாம் பார்த்துக்கலாம்'னு சொல்வாங்க. பார்த்துக்க முடியாது. 12 வரைக்கும் படிச்ச விவரத்தைத் தலைமையாசிரியர் கையெழுத்தோட கொடுத்தாத்தான் கலந்தாய்வுல அந்தப் பட்டியல்ல பேர் வரும்.

பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் எல்லாத்துக்கும் 2021-ல இதே 7.5 வந்திருக்கு. மாசம் 1000 ரூபாய் வர்ற புதுமைப் பெண் திட்டமும் இவ அரசுப் பள்ளியிலேயே முடிச்சா தடையில்லாமக் கிடைக்கும். ஸ்கூல் மாத்துறதுன்னா இத்தனையும் சேர்த்து இழக்கிறது.

இப்போ படிப்பு. என்னைக் கேட்டா, நம்ம பிள்ளைங்க நீட்ல கோட்டை விடுற இடம் பிளஸ் 1. கோச்சிங் போகாதது ரெண்டாம்பட்சம். நீட் கேள்வியில ஏறத்தாழ பாதி பிளஸ் 1 பாடத்துல இருந்து வரும். ஆனா பல பள்ளிகள்ல பிளஸ் 1 வருஷத்தை ஓய்வு வருஷம் மாதிரி நடத்துவாங்க, சில தனியார் பள்ளிகள்ல பிளஸ் 1-லயே பிளஸ் 2 புத்தகத்தைத் திறந்துடுவாங்க. இதைத் தடுக்கத்தான் 2017-18-ல பிளஸ் 1-க்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தாங்க. 2025-26-ல இருந்து அந்தத் தேர்வு இல்லை. பிள்ளைங்க மேல இருந்த பாரம் குறைஞ்சது நல்லதுதான், நான் அதை எதிர்க்கல. ஆனா நீட் எழுதப் போற பிள்ளைக்கு இனிமே பிளஸ் 1-ஐ யாரும் வெளியில இருந்து கட்டாயப்படுத்த மாட்டாங்க. வீட்லதான் பார்த்துக்கணும். பெரிய பாடம் எதையாவது பள்ளியில விட்டுட்டா, அக்காவா நீங்களே போய் ஆசிரியர்கிட்ட பணிவாக் கேளுங்க. கேட்கிற வீட்டுப் பிள்ளைமேல எங்களுக்கும் ஒரு கண்ணு கூடுதலாவே இருக்கும்.

இயற்பியல்ல ஒரு உதாரணம் சொல்றேன். ஒரு கல்லை நேரா மேல எறியறோம். உச்சிக்குப் போய்த் திரும்புற அந்த நொடியில திசைவேகம் சுழி. முடுக்கம் எவ்வளவுன்னு கேட்டா வகுப்புல பாதிப் பேர் அதுவும் சுழின்னு எழுதுவாங்க. நான் விடையைச் சொல்ல மாட்டேன். "முடுக்கம் சுழின்னா கல்லு அங்கேயே நிக்கணுமே, ஏன் கீழ வருது?"ன்னு கேட்டுட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிடுவேன். கொஞ்ச நேரம் சத்தமே வராது. அப்புறம் பின் பெஞ்சுல இருந்து ஒருத்தி, "சார், புவியீர்ப்பு எப்பவும் இருக்கு சார், மேலயும் 9.8 தான்"னு சொல்லுவா. அந்தப் பொண்ணுக்கு இனிமே அந்தப் பாடம் மறக்காது. பிளஸ் 2-ல மின்புலத்துக்குள்ள போற எலக்ட்ரான் வளைஞ்சு போறதும் இதே கணக்குதான்: ஒரு திசையில மாறாத முடுக்கம், மறு திசையில மாறாத வேகம். பிளஸ் 1-ல அலைவுகள் பாடத்தைப் புரிஞ்சுக்காதவங்களுக்குப் பிளஸ் 2-ல மாறுதிசை மின்னோட்டம் சுத்தமா ஏறாது. ரெண்டேகால் லட்சம் கட்டின இடத்துலயும் இந்த அஸ்திவாரத்தைப் போட நேரம் ஒதுக்குறது இல்ல, சூத்திரத்தை அடுக்கிக் கொடுத்து விரட்டுவாங்க.

2025 நீட்ல இயற்பியல் அவ்வளவு கடினமா வந்தது. நாட்டுலயே முதல் மார்க் 720-க்கு 686 தான். அதுக்கு முந்தின வருஷம் 720-க்கு 720 எடுத்தவங்களே ஒரு கும்பல். மனப்பாடச் சூத்திரத்தை நம்பின பிள்ளைங்க 2025-ல ஹாலை விட்டு அழுதுட்டு வந்தாங்க.

இப்போதைக்குப் புத்தகம் போதும். பிளஸ் 1 இயற்பியல் ரெண்டு தொகுதி, மொத்தம் 11 அலகு. ஒவ்வொரு அலகுலயும் எடுத்துக்காட்டுக் கணக்கை விடையை மூடி வச்சுப் போடச் சொல்லுங்க. சங்கிலியை அடகு வைக்க வேண்டாம்.

பெரம்பூர் அப்பா:

ஆசிரியர் ஐயா சொன்ன 7.5 விஷயம் நூத்துக்கு நூறு சரி. ஆனா புத்தகம் மட்டும் போதும்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். என் பையன் அரசு உதவி பெறும் பள்ளியில படிச்சான், அதனால அவனுக்கு 7.5 கிடையாது. கோச்சிங் போட்டேன். அங்க அவனுக்குக் கிடைச்ச பெரிய லாபம் டெஸ்ட். வாராவாரம் மூணு மணி நேரம் உட்கார்ந்து எழுதி, யார் எங்க நிக்கிறாங்கன்னு சுவத்துல ஒட்டுவாங்க. வீட்டுப் பக்கத்துல முதல் மார்க் வாங்குற பிள்ளைக்குத் தன்னை மாதிரி ஆயிரம் பேர் இருக்காங்கன்னு தெரியணும் இல்லையா? பிளஸ் 1 முடியற வரைக்கும் பள்ளிக்கூடம், புத்தகம்னு போகட்டும். பிளஸ் 2-ல டெஸ்ட் மட்டும் எழுதுற மாதிரி எங்கயாவது சேர்த்து விடுங்க. அதுக்குச் சில ஆயிரம்தான் ஆகும், லட்சம் தேவையில்ல. இந்தச் செலவை மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க.

வியாசர்பாடி மெடிக்கோ:

அக்கா, நான் 7.5-ல சீட் வாங்கி இப்ப எம்.பி.பி.எஸ். ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். நானும் தமிழ் மீடியம், நானும் ஒரே ரூம் வீடு. உங்க தங்கச்சிக்கு நேராச் சொல்ற மாதிரியே எழுதுறேன், அவகிட்ட படிச்சுக் காட்டுங்க.

தங்கச்சி, உயிரியலை உன்னோட கோட்டையா வச்சுக்கோ. மொத்தம் 180 கேள்வியில 90 உயிரியல். 720-ல 360 மார்க் அங்கேயே இருக்கு. இயற்பியல் 45, வேதியியல் 45. நான் எழுதுனப்ப கேள்வியில கொஞ்சம் சாய்ஸ் இருந்தது, நேரமும் 200 நிமிஷம். 2025-ல இருந்து சாய்ஸ் கிடையாது, 180 கேள்விக்கு 180 நிமிஷம். அதனால உயிரியலை முக்கால் மணி நேரத்துல முடிக்கிற வேகம் வந்தாத்தான் இயற்பியலுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

உயிரியல் கேள்வி பெரும்பாலும் மத்திய அரசோட என்சிஇஆர்டி பாடப்புத்தக வரியில இருந்து அப்படியே வரும். அந்தப் புத்தகம் தமிழ்ல வர்றது இல்ல. நான் பண்ணது இது: நம்ம தமிழ்ப் புத்தகத்துல ஒரு பாடத்தை முழுசாப் படிச்சுப் புரிஞ்சுக்குவேன். அடுத்த நாள் அதே பாடத்தை என்சிஇஆர்டி ஆங்கிலப் புத்தகத்துல எடுத்து, படங்களையும் அட்டவணையையும் படத்துக்குக் கீழ இருக்கிற சின்ன எழுத்தையும் மட்டும் படிப்பேன். கதை ஏற்கெனவே தெரியும், அதனால இங்கிலீஷ் பயமுறுத்தாது. ரெண்டு புத்தகமும் இணையத்துல இலவசமாவே கிடைக்கும். நம்ம புத்தகத்துல இருக்கிற சில பகுதி நீட் பாடத்திட்டத்துல இல்ல. 2024 தேர்வுல இருந்து பாடத்திட்டத்தைக் குறைச்சுட்டாங்க. தேசிய மருத்துவ ஆணையம் போட்ட பட்டியலை ஒரு பிரிண்ட் எடுத்து, முடிச்ச பாடத்தை அடிச்சுக்கிட்டே வா. ஆனா பட்டியல்ல இல்லாததைப் படிக்காம விட்டுடாதே, பிளஸ் 2 பொதுத்தேர்வுக்கு அது வேணும்.

விண்ணப்பத்துல மொழி கேட்கும்போது தமிழ்னு போடு. தமிழ் கேட்டா கேள்வி தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் சேர்ந்தே வரும், இங்கிலீஷ் கேட்டா அது மட்டும்தான் வரும். மொழிபெயர்ப்புல குழப்பம்னா இங்கிலீஷ்ல இருக்கிறதுதான் செல்லும். 2018-ல தமிழ்க் கேள்வித்தாள்ல 49 கேள்வியில மொழிபெயர்ப்புப் பிழைன்னு வழக்கு நடந்து, மதுரையில உயர் நீதிமன்றம் 196 மார்க் கொடுக்கச் சொல்லி, அதை உச்ச நீதிமன்றம் ரத்து பண்ணிடுச்சு. அதனால ஒரு கேள்வி தமிழ்ல இடறினா உடனே இங்கிலீஷ் வரியைப் பார்க்கிற பழக்கம் இப்பவே வரணும்.

எங்க பள்ளியில பிளஸ் 1-ல பாதி வருஷம் இயற்பியலுக்கு ஆசிரியரே இல்ல. எங்க ஏரியாவுல சாயந்திர வகுப்பு நடத்துற அண்ணனுங்கதான் கைகொடுத்தாங்க. எல்லாரும் பகல்ல வேலைக்குப் போறவங்க, ஒருத்தர் பொறியியல் படிச்சவர், ஒருத்தர் சட்டம். காசு ஒரு ரூபாய் வாங்கினது கிடையாது. வடசென்னையில வேற பகுதியிலயும் இப்படிச் சாயந்திர வகுப்பு இருக்கலாம். காசிமேட்டுலயும் விசாரிங்க. படிக்க இடம் இல்லன்னா நூலகம் பக்கத்துல எங்க இருக்குன்னு பாருங்க. கொளத்தூர்ல முதல்வர் படைப்பகம்னு 2024-ல திறந்தாங்க, அங்க தேர்வுக்குப் படிக்கவே தனியா இடம் இருக்கு. தினமும் காசிமேட்டுல இருந்து போறது தூரம், ஆனா விடுமுறை நாள்ல போயிட்டு வரலாம்.

பெரம்பூர் அங்கிள் சொன்ன டெஸ்ட் விஷயத்துல நானும் அவர் பக்கம்தான். பழைய நீட் கேள்வித்தாளை எடுத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் 2 மணியில இருந்து 5 வரை எழுது. அந்த நேரத்துலதான் நீட் நடக்குது, மே மாச வெயில்ல. சாப்பிட்டதும் தூங்குற உடம்புக்கு அந்த நேரத்துல யோசிக்கப் பழக்கணும். விடைக்கு வட்டம் நிரப்புற ஓ.எம்.ஆர். தாளையும் ஜெராக்ஸ் போட்டு வச்சுக்கோ. ஒரு பக்கம் கேள்வி முடிஞ்சதும் அந்தப் பக்கத்துக்கு உண்டான வட்டத்தை நிரப்பிட்டுத் திருப்பு, மொத்தமாக் கடைசிக்குத் தள்ளாதே. டெஸ்ட் முடிஞ்சதும் தப்பான கேள்வியைப் பார்த்து, பாடம் தெரியாமப் போச்சா, கணக்குல கை தவறிச்சா, கேள்வியையே சரியாப் படிக்கலையான்னு பக்கத்துல குறிச்சு வை. "தவறான கூற்று எது"ன்னு கேட்டிருப்பான், நாம சரியான கூற்றைத் தேடி வட்டம் போட்டிருப்போம். இந்த மூணாவது வகை மார்க்கை ஒரே மாசத்துல மீட்டுடலாம்.

எண்ணூர் அம்மா:

எல்லாரும் படிப்பைச் சொல்லிட்டீங்க. நான் பேப்பர் விஷயம் சொல்றேன், எங்க வீட்ல இதுக்குத்தான் அலைஞ்சோம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எல்லாத்தையும் பிளஸ் 1 படிக்கும்போதே இ-சேவை மையத்துல வாங்கி வச்சிடுங்க. பி.சி., எம்.பி.சி.ன்னா ஒண்ணு கவனிங்க. தமிழ்நாட்டுக் கலந்தாய்வுக்கு நம்ம மாநிலச் சாதிச் சான்றிதழ். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு ஓ.பி.சி. சான்றிதழ்னு மத்திய அரசு மாதிரியில தனியாக் கேட்பாங்க. அது வேற, இது வேற. ஆதார்ல இருக்கிற பேரும் பத்தாவது மார்க் ஷீட்ல இருக்கிற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கான்னு இன்னிக்கே பாருங்க. இனிஷியல் முன்னாடி பின்னாடி இருந்தாலே போர்ட்டல்ல இழுத்தடிக்கும். விண்ணப்பக் கட்டணம் 2025-ல பொதுப்பிரிவுக்கு 1700, ஓ.பி.சி.க்கு 1600, எஸ்.சி., எஸ்.டி.க்கு 1000 ரூபாய் இருந்தது.

என் பையன் பொன்னேரி மீன்வளக் கல்லூரியில படிக்கிறான். நுழைவுத்தேர்வு எதுவும் இல்ல, பிளஸ் 2 மார்க்குலதான் சேர்ந்தான். மீனவர் பிள்ளைகளுக்கு அங்க தனி ஒதுக்கீடும் இருக்கு. அவனும் நீட் எழுதினவன்தான். உங்க தங்கச்சியைக் குறைச்சுச் சொல்றதா நினைக்காதீங்க. மனசுல ஒரு ஓரமா இதுவும் இருக்கட்டும்.

காசிமேடு அக்கா:

படிச்சுப் படிச்சு அழுதுட்டேன். 7.5 விஷயம் எங்க யாருக்குமே தெரியாது. அம்மாகிட்ட சொன்னேன். சங்கிலி கழுத்துலயே இருக்கு, டி.சி. பேச்சு முடிஞ்சது. தங்கச்சி, மெடிக்கோ அக்கா எழுதினதை அவளே நோட்டுல எழுதி வச்சுக்கிட்டா.

இன்னும் ரெண்டு சந்தேகம் சார். நெகட்டிவ் மார்க் இருக்கறதால தெரியாத கேள்வியைத் தொடவே கூடாதுன்னு அவ பிரெண்ட்ஸ் சொல்றாங்களாம், அது சரியா? ரெண்டாவது, முதல் தடவை கிடைக்கலன்னா ஒரு வருஷம் வீட்ல உட்கார்ந்து திரும்ப எழுதலாமான்னு அப்பா கேட்கிறார். அவர் வாயைத் திறந்து கேட்ட ஒரே கேள்வி இதுதான், அதனால பதில் வேணும்.

தண்டையார்பேட்டை இயற்பியல் ஆசிரியர்:

நெகட்டிவ் மார்க்கைக் கணக்காவே பார்த்துடலாம், பயம் போயிடும். சரின்னா 4, தப்புன்னா 1 குறையும், விட்டுட்டா ஒண்ணும் இல்ல. நாலு விடையில எதுவுமே தெரியாம 8 கேள்விக்குக் கண்ணை மூடிக்கிட்டு வட்டம் போட்டா, சராசரியா 2 சரியாகும், 6 தப்பாகும். 8 வரும், 6 போகும், மிச்சம் 2. அதுக்காக மெனக்கெட வேண்டியதில்ல. சில சமயம் கைக்காசும் போகும். ஆனா நாலுல ரெண்டு விடை நிச்சயமாத் தப்புன்னு தெரிஞ்சா கணக்கே மாறிடுது. அப்படி 10 கேள்வி வந்தா 5 சரி, 5 தப்புன்னு வச்சுக்குங்க. 20 வரும், 5 போகும், 15 மார்க் கையில நிக்கும். இந்த இடத்துல பயந்து விடுற பிள்ளை அந்த 15-ஐச் சும்மா விட்டுட்டு வருது. நாலு விடையோட யூனிட்டை மட்டும் பார்த்தாலே ஒண்ணு ரெண்டை அடிச்சிடலாம். விசையைக் கேட்டிருப்பாங்க, ஒரு விடையில ஆற்றலோட யூனிட்டான ஜூல் இருக்கும். அதனாலதான் பிளஸ் 1 முதல் அலகுல பரிமாணப் பகுப்பாய்வை நான் அவ்வளவு நாள் நடத்துறேன். பசங்க அதைச் சின்னப் பாடம்னு தாண்டிப் போயிடுறாங்க.

பெரம்பூர் சார் டெஸ்ட் பத்திச் சொன்னதை நான் எதிர்க்கல. பிளஸ் 2 அரையாண்டுக்கு அப்புறம் டெஸ்ட்டுக்கு மட்டும் காசு கொடுக்கலாம். பொதுத்தேர்வு மார்ச்ல முடியும், நீட் மே முதல் வாரத்துல. நடுவுல இருக்கிற அந்த ஒரு மாசச் சொச்சம்தான் டெஸ்ட்டுக்கான காலம். அரசு சார்பிலயும் அப்போ இலவச வகுப்பு நடத்துவாங்க, பள்ளியில பேர் கொடுத்து வைக்கச் சொல்லுங்க. அது உங்க வீட்டுக்குத் தடைக்காலமும் கூட. அதனால டெஸ்ட்டுக்கு வேண்டிய அந்தச் சில ஆயிரத்தைப் படகு ஓடுற மாசத்துலயே எடுத்து வச்சிடுங்க.

அப்பாவோட கேள்விக்கு வர்றேன். திரும்ப எழுதுறது தப்பே இல்ல, 7.5-ல சேர்ற நிறைய பிள்ளைங்க ரெண்டாவது தடவைதான் சேர்றாங்க. ஒதுக்கீடும் ரத்தாகாது, 12 வரை அரசுப் பள்ளியில படிச்சவ எப்பவும் படிச்சவதான். ஆனா அதுக்கு நான் ஒரு கோடு வச்சிருக்கேன். முதல் தடவை உயிரியல்ல 360-க்கு 250-க்கு மேல வந்து, இயற்பியலால மட்டும் கீழ இறங்கியிருந்தா ஒரு வருஷம் கொடுக்கலாம். இயற்பியலை ஒரு வருஷத்துல தூக்கிடலாம். உயிரியலே 180, 200-ன்னு நின்னா, அந்த வருஷத்தை வீட்ல உட்கார வைக்காதீங்க. பிள்ளை நொந்து போயிடும். எது எப்படி இருந்தாலும் ஒரு வருஷத்துக்கு மேல வேண்டாம்.

அப்படி ஒரு நிலைமை வந்தா கையில பிளஸ் 2 மார்க் இருக்கணும். அதைத்தான் கோச்சிங்ல போற பிள்ளைங்க கைவிட்டுடுறாங்க. நீட்டே இல்லாம நம்ம மாநில ஒதுக்கீட்டுல கால்நடை மருத்துவம் சேரலாம். உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200-க்குக் கட்-ஆஃப். வேப்பேரியில இருக்கிற கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல இருந்து நடக்குது, உங்க வீட்ல இருந்து பஸ்ல போயிட்டு வர்ற தூரம். பி.பார்ம். இருக்கு, எண்ணூர் அம்மா சொன்ன மீன்வளம் இருக்கு. கணக்கும் எடுத்திருக்கறதால பொறியியல் கதவும் மூடல. அதுக்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. தமிழ்நாட்டுல தொழிற்படிப்புக்கு மாநில நுழைவுத்தேர்வையே 2006 சட்டத்துல எடுத்தாச்சு. அந்த மார்க் ஷீட்டுக்கு இங்க அவ்வளவு மதிப்பு இருக்கு. இதை அப்பாகிட்ட விளக்கமாச் சொல்லுங்க, அவருக்கு நிம்மதியா இருக்கும்.

ஒரு வேலை மட்டும் இந்த வாரமே நடக்கட்டும். உங்க தங்கச்சி பிளஸ் 1 இயற்பியல் முதல் தொகுதியில ரெண்டாவது அலகு, இயக்கவியல், எடுத்துக்காட்டுக் கணக்கு எல்லாத்தையும் விடையை மூடி வச்சுப் போடட்டும். எந்தக் கணக்குல நிக்கிறாளோ அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து இங்கேயே போடுங்க. எந்த வரியில இடறுதுன்னு பார்த்து எழுதுறேன்.

காசிமேடு அக்கா:

ரொம்ப நன்றி சார். ராத்திரியே உட்கார்ந்துட்டா. வெக்டர் கூட்டல்ல நிக்கிறா, ரெண்டு வெக்டருக்கு நடுவுல 60 டிகிரி இருக்கிற கணக்கு. சைன், காஸ் மதிப்பு மறந்துபோச்சாம். போட்டோ கீழ போட்டிருக்கேன்.

தண்டையார்பேட்டை இயற்பியல் ஆசிரியர்:

பார்த்தேன். முறை சரி, காஸ் 60-க்கு அரைன்னு போட வேண்டிய இடத்துல சைன் மதிப்பைப் போட்டிருக்கா, அவ்வளவுதான். 0, 30, 45, 60, 90 அஞ்சு கோணத்துக்கும் அட்டவணை எழுதி நோட்டுக்கு முதல் பக்கத்துல ஒட்டச் சொல்லுங்க. அடுத்த கணக்கு, எறிபொருள். அதையும் போட்டுட்டு அனுப்பட்டும்.